பத்தாவது பாடம்: பீடோங்கிலிருந்து மருத்துவக் கல்லூரி வரை

போன மாதம் ஒரு சனிக்கிழமை. மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் கோயில் மண்டபத்தில் நடக்கும் எங்கள் டியூஷன் வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். செம்பனைத் தோட்டத்தில் பழம் பொறுக்கும் வேலை பார்க்கும் ஒரு அம்மா வாசலிலேயே நின்று கேட்டார்: “சார், எம்பொண்ணு எஸ்பிஎம்ல தமிழ் எடுக்கட்டுமா, வேணாமா? டாக்டருக்குப் படிக்கணுங்கிறா. தமிழ் எடுத்தா ரிசல்ட் கெட்டுப்போயிடும்னு கூட்டாளிங்க சொல்றாங்களாம்.”

மகள் நான்காம் படிவம்; எஸ்பிஎம் என்பது ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசுத் தேர்வு. எடுக்கட்டும், வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு என்னால் பாயைச் சுருட்டப் போக முடியவில்லை. மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஓராண்டுப் படிப்பு) இட ஒதுக்கீடு, 1996-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், பள்ளிப் பேருந்து கிளம்பும் நேரம் என்று எத்தனையோ விஷயம் அந்தக் கேள்விக்குள் இருந்தது. உட்காரச் சொல்லி ஒரு மணி நேரம் பேசினேன். பேசியதையும், நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு சுங்கைப் பட்டாணியிலும் சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் எத்தனையோ அம்மாக்கள் இருப்பார்கள்.

முதலில் அந்தப் பத்துக் கணக்கு. 2024 ஜூன் இறுதியில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் ஓர் அறிவிப்பு செய்தார். எஸ்பிஎம்மில் 10ஏ, அதற்கு மேல் எடுக்கும் மாணவர் எந்த இனத்தவராக இருந்தாலும் அவருக்கு மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு. நம் ஊர்களில் பலரும் நிம்மதிப் பெருமூச்சு விட்ட செய்தி அது. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பத்து ஏ வாங்க முதலில் பத்துப் பாடம் எடுத்திருக்க வேண்டும் அல்லவா? மருத்துவம் படிக்க நினைக்கும் பிள்ளை எடுக்கும் பாடங்களை எண்ணிப் பாருங்கள்: மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். ஒன்பதுதான் வருகிறது. பத்தாவதை அவளாகவேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

பெரிய பட்டணத்துப் பள்ளிகளில் கணக்கியல், கணினி அறிவியல் என்று ஏதாவது ஒன்று கிடைக்கும். தோட்டத்தை ஒட்டிய சிறு பட்டணத்துப் பள்ளியில் நம் பிள்ளைக்குக் கைக்கெட்டும் பத்தாவது பாடம் பெரும்பாலும் தமிழ்தான். அதுவும் பள்ளி நேரத்துக்குள் இருப்பது அபூர்வம். மதியத்துக்கு மேல், ஆசிரியர் கிடைத்தால், பிள்ளைகள் சேர்ந்தால் நடக்கும். கல்விச் சட்டம் சொல்வது இதுதான்: தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ்மொழி கற்க வசதி செய்து தர வேண்டும். பதினைந்து என்பது கோலாலம்பூரில் ஒரு எண்ணே இல்லை. ஒரு படிவத்தில் நாலைந்து இந்திய மாணவர்கள் மட்டும் இருக்கும் பள்ளியில் அது மலை.

அப்புறம், தமிழில் ஏ எடுப்பது கஷ்டம் என்ற பேச்சு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. எஸ்பிஎம் தமிழ்த்தாள் கட்டுரையும் இலக்கணமும் இலக்கியமும் கலந்தது. ஆறாம் ஆண்டோடு தமிழை விட்டுவிட்டுப் பரீட்சைக்கு மூன்று மாதம் முன்னால் புத்தகத்தை எடுத்தால் வராது. முதல் படிவத்திலிருந்து வாரம் ஒரு மணி நேரம் விடாமல் படித்த பிள்ளைகளுக்கு வருகிறது. எங்கள் மண்டபத்திலேயே பார்த்திருக்கிறேன். நான் சொல்வது தமிழ்ப் பற்றினால் மட்டும் அல்ல. கணக்குப் போட்டுப் பார்த்தாலும் தமிழை விடுவது மருத்துவத்துக்குப் போகும் ஒரு கதவை நம் கையாலேயே சாத்துவதுதான்.

மெட்ரிகுலேஷனுக்கு ஏன் இவ்வளவு அடிதடி? எஸ்பிஎம் முடித்த மாணவர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குப் போக இரண்டு முக்கியமான வழிகள் உண்டு. ஒன்று மெட்ரிகுலேஷன்: ஓராண்டு, இரண்டு பருவம், விடுதி, மாதப் படி. மற்றொன்று ஆறாம் படிவம், அதாவது எஸ்டிபிஎம்: ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம், தேசிய அளவில் தேர்வு வாரியம் நடத்தும் பரீட்சை. பாடத்தின் ஆழத்தில் ஏ லெவலுக்கு இணையாகப் பேசப்படுவது எஸ்டிபிஎம். முடிவு மட்டும் இரண்டுக்கும் 4.00 என்ற ஒரே அளவுகோலில் எழுதப்படுகிறது. பல்கலைக்கழக வாசலில் இரண்டு 4.00-உம் ஒன்றுதான். வெவ்வேறு பாடத்திட்டம், வெவ்வேறு வினாத்தாள், வெவ்வேறு திருத்துபவர்கள். கடைசியில் ஒரே வரிசை.

மெட்ரிகுலேஷன் 1990-களின் இறுதியில் பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) மாணவர்களை அறிவியல் துறைகளுக்கு அதிகம் கொண்டுவருவதற்காகத் தொடங்கியது. அதுவரை பல்கலைக்கழக நுழைவில் நேரடியாகவே பூமிபுத்ராவுக்கு 55, மற்றவர்களுக்கு 45 என்ற இன விகிதம் இருந்தது. 2002-இல் அது போய்த் தகுதி அடிப்படை வந்தது. 2003-இல் மெட்ரிகுலேஷனில் 10 விழுக்காடு மற்ற இனத்தவருக்குத் திறக்கப்பட்டது. அந்தப் பத்துக்குள்தான் சீனர்களும் இந்தியர்களும் பிறரும். 2012-இல் இந்திய மாணவர்களுக்கென்று 1,500 இடங்கள் ஒதுக்குவதாக அரசு சொன்னது. 2019-இல் மொத்த இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக்கியபோதும் 90-க்கு 10 அப்படியே நின்றது. 2024 அறிவிப்பு அந்த விகிதத்தைத் தொடவில்லை. 10ஏ எடுத்தவர்களை மட்டும் அதற்கு வெளியே தூக்கிவிட்டது. 9ஏ எடுத்த பிள்ளை பழைய வரிசையில்தான் நிற்கிறாள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே படிப்புக்குப் போட்டியிடும் பிள்ளைகள் ஒரே பரீட்சையை எழுத வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு எவ்வளவோ, கிளந்தான் கம்பத்து மலாய்ப் பிள்ளைக்கும் அவ்வளவு நியாயம் அதில் உண்டு. வறுமைக்கு உதவி வேண்டும் என்றால் வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கலாம். பல ஆண்டுகளாகப் பலரும் சொல்லிவரும் யோசனைதான் இது. அது நடக்கும் வரைக்கும், இருக்கிற வழியில் எப்படி நடப்பது என்றுதான் நம் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதில் ஒன்று: கிடைத்த மெட்ரிகுலேஷன் இடத்தை மறுக்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்திக்கு லாபுவானில் இடம் கிடைத்தது. கெடாவின் மெட்ரிகுலேஷன் கல்லூரி சங்லூனில் இருக்கிறது, பக்கத்துப் பினாங்குக் கல்லூரி கெப்பாளா பத்தாஸில் இருக்கிறது. இவளுக்கு வந்தது கடல் தாண்டி. அவளுடைய பாட்டி, “பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரம் தனியா அனுப்புறதா?” என்று அழுதார். பெட்டி வாங்கவும் விமான டிக்கெட்டுக்கும் கையில் காசு இல்லை. பதிவு நாளுக்கு இன்னும் ஆறே நாள். கோயில் தலைவர் ஒருவர் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். டியூஷன் பிள்ளைகள் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கினார்கள். மலிவான பெட்டி, ஊதா நிறம், ஒரு சக்கரம் முதல் நாளே சரியாக உருளவில்லை. அதை இழுத்துக்கொண்டுதான் அவள் போனாள். மற்ற வீடுகளில் அதே மாதிரிக் கடிதம் வந்து, யாரிடமும் சொல்லாமல் அலமாரியில் கிடந்து, காலாவதியான கதைகளும் எனக்குத் தெரியும்.

எஸ்டிபிஎம்மைப் பற்றிய பயத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். கடினம்தான். ஆனால் மூன்று பருவமாகப் பிரித்த பிறகு, முதல் இரண்டு பருவத் தாள்களில் சறுக்கினால் மறுபடி எழுத வாய்ப்பு உண்டு. வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. வீட்டிலிருந்தே போய் வரலாம். ஆனால் மருத்துவம் என்று வரும்போது 3.9 கூடப் போதாமல் போகிறது. பல்கலைக்கழக நுழைவில் கல்விப் புள்ளிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. 4.00 எடுத்தவர்கள் நூற்றுக்கணக்கில் வரிசையில் நிற்கும்போது அந்த 10 விழுக்காடும் நேர்முகத் தேர்வும்தான் ஆளைப் பிரிக்கின்றன. இங்கேதான் பேருந்து வருகிறது. தோட்டத்துக்குப் போகும் பள்ளிப் பேருந்து மதியமே கிளம்பிவிடும். சாரணர் இயக்கம், பூப்பந்து, விவாதக் குழு எல்லாம் அதற்குப் பிறகு. பேருந்தை விட்டால் வீடு திரும்ப வழியில்லாத பிள்ளை என்ன செய்வாள்? ஏறிப் போய்விடுவாள். ஐந்து ஆண்டு கழித்து, விண்ணப்பப் படிவத்தில் அந்தப் பேருந்து இரண்டு மூன்று புள்ளியாகத் தெரியும். யாரும் அவளைத் தடுக்கவில்லை, யார்மீதும் புகார் எழுத முடியாது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் இழப்பு இது.

இதற்கும் முன்னால் ஒரு வளைவு இருக்கிறது, 12 வயதில். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைக்கு மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லை என்றால் முதல் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு. ஆறாம் ஆண்டு முடிவில் நடந்த யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நின்றுபோனாலும் புகுமுக வகுப்பு நிற்கவில்லை. நல்ல ஆசிரியர் கையில் அது உண்மையிலேயே உதவும் ஆண்டுதான். ஆனால் “நீ ஒரு வருஷம் பின்னாடி” என்ற எண்ணம் பிள்ளையின் மனத்தில் விழுந்துவிட்டால், நான்காம் படிவத்தில் அறிவியல் பாடத் தொகுப்பை எடுக்கச் சொல்லும்போது அவனே, “எனக்கு வராது சார்” என்று சொல்லிவிடுகிறான். அதனால் தமிழ்ப்பள்ளியில் இருக்கும்போதே மலாய்க்குக் கூடுதல் நேரம் கொடுங்கள் என்று பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். தமிழுக்கு எதிரான பேச்சு இல்லை இது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நம் பள்ளிகளிலிருந்து போகிறவர்கள் அங்கே நிமிர்ந்து நடக்க வேண்டும் என்ற ஆசை.

நம் வீடுகளில் டாக்டர் என்ற சொல்லுக்கு ஏன் இவ்வளவு கனம் என்று ஒரு பாட்டியைக் கேட்டால் தெரியும். அந்தக் காலத் தோட்டத்தில் காய்ச்சல் வந்தால் பார்ப்பவர் டிரெசர், அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர். பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போக முடியுமா, முடியாதா என்று முடிவு செய்வதும் அவரே. அவர் சீட்டு எழுதினால்தான் அன்றைக்கு ஓய்வு. பெரும்பாலும் அவர் மலையாளி அல்லது யாழ்ப்பாணத் தமிழர். கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டு வரிசையில் இருப்பார், தொழிலாளர் லயத்தில் இருக்க மாட்டார். உண்மையான டாக்டர் எப்போதாவது காரில் வந்து போவார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவத் துறையை 1960-களில் கட்டி எழுப்பிய முதல் தலைவர் டாக்டர் டி. ஜே. தனராஜ் ஒரு தமிழர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. அதே சமயம், அன்றைக்கு மருத்துவரான தமிழர்களில் பலர் ஆங்கிலப் பள்ளிக்குப் போக முடிந்த பட்டணத்துக் குடும்பத்தார். பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் அந்த வாசலுக்கு வந்து சேர இன்னும் ஒரு தலைமுறை ஆனது.

பீடோங் சாலையில் போனால் ஜெராய் மலையடிவாரத்தில் செமிலிங் பக்கம் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியான மஇகாவின் கல்விக் கரமான எம்ஐஇடி அதை 2001-இல் தொடங்கியது. இந்தியச் சமூகம் தன் பிள்ளைகளுக்காக மருத்துவக் கல்லூரி கட்டும் என்று எங்கள் அப்பா காலத்தில் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். (கொஞ்ச தூரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு; சோழர் கல்வெட்டு சொல்லும் கடாரம் இந்தப் பக்கம்தான். படிப்பைப் பற்றி மனம் சோர்ந்துபோகும் பிள்ளைகளை நான் அங்கே கூட்டிப் போவதுண்டு.) ஆனால் அதுவும் தனியார் பல்கலைக்கழகம்தான், கட்டணம் உண்டு.

அந்தக் கட்டணத்தைப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க ஆண்டுக்குச் சில ஆயிரம் வெள்ளி. தனியாரில் ஐந்தாண்டுக்கும் சேர்த்துப் பொதுவாக லட்சக்கணக்கில். மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி; ஆண்டுக்கு 20,400. ஒரு வெள்ளிகூடச் செலவு செய்யாமல் சேர்த்தாலும் ஏறக்குறைய 15 ஆண்டுச் சம்பளம். பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடன் ஒரு பகுதிக்கு வரும். இபிஎஃப் என்ற தொழிலாளர் சேமநிதியிலிருந்து பிள்ளை படிப்புக்கு எடுக்கலாம். தோட்டத் தொழிலாளியின் இபிஎஃப்பில் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மேலும், லயத்தில் குடியிருந்தவர்களுக்கு வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அந்தக் கொஞ்சப் பணம்தான் அவர்களின் எதிர்கால வீடு. மகளின் படிப்பா, தலைக்கு மேல் கூரையா என்று ஒரு அப்பா தேர்ந்தெடுக்கும் நிலை இருக்கக் கூடாது.

அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் 11-இல் மருத்துவம் இருக்கிறது என்று சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் நமக்கு அத்தனை இல்லை. யூஐடிஎம் பூமிபுத்ரா அல்லாதவர்களுக்குத் திறக்கவே இல்லை. இஸ்லாமியக் கல்விப் பின்னணியோடு சேர்த்து நடத்தப்படும் பல்கலைக்கழகமும் அதில் உண்டு. விண்ணப்பத்தில் முதல் தேர்வு, இரண்டாம் தேர்வு என்று வரிசை எழுதும்போது மலாயாப் பல்கலைக்கழகத்தை மட்டும் நம்பாமல், கிளந்தானில் குபாங் கிரியானில் இருக்கும் யூஎஸ்எம், சரவாக்கின் யூனிமாஸ், சபாவின் யூஎம்எஸ் ஆகியவற்றையும் எழுதுங்கள். தூரம் என்று பார்க்காதீர்கள். கிடைக்கவில்லை என்றால் மேல்முறையீட்டுக்குச் சில நாட்களே இருக்கும். அந்த நாட்களில் கைப்பேசியில் டேட்டா இல்லாமல் இருக்கக் கூடாது. சிரிக்க வேண்டாம், அப்படியும் இடம் போயிருக்கிறது.

உள்ளே இடம் இல்லை என்றானபோது நம் குடும்பங்கள் வெளியே பார்த்தன. மணிப்பாலுக்கு நம்மவர் போவது பல தலைமுறைப் பழக்கம். 1997-இல் வந்த மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரி அந்தப் பாதையின் பாதியை உள்ளூருக்குக் கொண்டுவந்தது. மேடான், பண்டுங், மாஸ்கோ, வோல்கோகிராட் என்று மற்றவர்கள் போனார்கள். 2005-இல் கிரைமியா மாநில மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு அங்கீகாரம் நிறுத்தப்படும் என்று அரசு அறிவித்தபோது, பிள்ளையை அங்கே அனுப்பிவிட்டு இங்கே வட்டி கட்டிக்கொண்டிருந்த எத்தனையோ இந்தியக் குடும்பங்கள் பதறின. அன்றிலிருந்து நான் சொல்வது ஒன்றே: ஏஜெண்ட் கொடுக்கும் வண்ணப் புத்தகத்தை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். 1971 மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியலில் நீங்களே பாருங்கள். இல்லாவிட்டால் திரும்பி வந்து தனியாகத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். எஸ்பிஎம்மிலும் மருத்துவ மன்றம் குறைந்தபட்சத் தகுதி வைத்திருக்கிறது. அதை எட்டாத பிள்ளைக்கு வெளிநாட்டில் எளிதாக இடம் தருகிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

படித்து முடித்தால்? 2016 இறுதியிலிருந்து புதிய டாக்டர்கள் ஒப்பந்த வேலையில்தான் சேர்கிறார்கள். 2021 ஜூலை 26-ஆம் தேதி நிரந்தர வேலை கேட்டுக் கறுப்புச் சட்டை போட்டு மருத்துவமனைக்கு வெளியே வந்து நின்றவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதனால் இப்போது, “டாக்டருக்குப் படிச்சு என்ன பிரயோஜனம்?” என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. நியாயமான கேள்வி. ஆசைப்படாத பிள்ளையை யாரும் தள்ளக் கூடாது. ஆசைப்படும் பிள்ளைக்கு வழி தெரியாமல் போகவும் கூடாது.

அந்த அம்மாவிடம் கடைசியில் சொன்னேன்: தமிழ் எடுக்கட்டும். ஆனால் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை. அதற்குப் பதினைந்து பேர் வேண்டும். “யாருகிட்ட கேக்கணும் சார்?” என்றார். ஒரு தாளில் கடிதம் எழுதிக் கொடுத்தேன், கீழே பதினைந்து கோடு போட்டேன். மறுநாளே மழையில் குடை பிடித்துக்கொண்டு தாமான் தாமானாகப் போயிருக்கிறார். சிலர் கையெழுத்துப் போட்டார்கள். சிலர், “எங்க பையன் மெக்கானிக் படிக்கப் போறான், அவனுக்குத் தமிழ் எதுக்கு?” என்று கேட்டிருக்கிறார்கள். “உங்க பையனுக்கு வேணாம்னா பரவாயில்லை தம்பி, எம்பொண்ணுக்காகப் போடுங்க” என்று இவர் சொல்லியிருக்கிறார். ஒருவர் போட்டாராம்.

போன சனிக்கிழமை அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, நான்காய் மடித்து, கைப்பைக்குள் வைத்திருந்தார். பதின்மூன்று கையெழுத்து. அதில் இரண்டு, பெருவிரல் ரேகை. இன்னும் இரண்டு பேர் வேண்டும். சுங்கைத் தோக் பாவாங் பக்கம் ஒரு குடும்பம் இருக்கிறதாம். வேலை முடிந்து சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் வீட்டில் இருப்பார்களாம். டியூஷன் முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் நான் கூட்டிப் போவதாகச் சொன்னேன்.